ஆங்கிலத்தில் 'இல்லை' சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் பழகுகிறவர்கள் எதிர்மறை வாக்கியத்தில் தடுக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. கண்ணால் ஓட்டாமல் வாய்விட்டுப் படியுங்கள். இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை முதலில் வாயில்தான் பிறக்கின்றன.

"நாட்" சேர்த்தால் எதிர்மறை ஆகிவிடும் என்று தெரியும். அதை எங்கே சேர்ப்பது?

துணை வினைக்கு அடுத்து. தமிழில் மறுப்பு வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும்: வர + வில்லை, வர + மாட்டேன். ஆங்கிலத்தில் "நாட்" முக்கிய வினையின் மேல் நேரடியாக உட்காராது. அதற்கு முன்னால் ஒரு துணை வினை நின்று தாங்க வேண்டும். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் ஒரு கூட்டம். ஹேவ், ஹேஸ், ஹேட் இன்னொன்று. வில், வுட், ஷல், ஷுட், கேன், குட், மே, மைட், மஸ்ட் மூன்றாவது. கடைசியாக டூ, டஸ், டிட்.

நேர் வாக்கியத்திலேயே முதல் மூன்று கூட்டத்தில் ஒன்று துணையாக இருந்தால் வேலை சுலபம். "ஷி இஸ் ஸ்லீப்பிங்" என்பது "ஷி இஸ் நாட் ஸ்லீப்பிங்" ஆகும். துணை வினைகள் இரண்டு மூன்று வரிசையாக நின்றால், முதலில் நிற்பதற்குப் பின்னால் மட்டும்: "ஷி ஹேஸ் நாட் பீன் வொர்க்கிங்". "ஷி ஹேஸ் பீன் நாட் வொர்க்கிங்" என்று சொன்னால் கேட்பவருக்கு இடறும்.

"ஐ லைக் காபி" என்பதில் துணை வினையே இல்லையே. அங்கே என்ன செய்வது?

அங்கே "டூ" மறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைக் என்றால் டூ + லைக், லைக்ஸ் என்றால் டஸ் + லைக், லைக்ட் என்றால் டிட் + லைக். மறுக்கும்போது அந்த மறைந்த துணையை வெளியே இழுத்து, அதன் பின்னால் "நாட்" வைக்கிறோம். "ஷி லைக்ஸ் காபி" என்பதை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். லைக்ஸின் கடைசியில் இருக்கும் "ஸ்" கழன்று போய் "டஸ்" ஆகிவிடுகிறது. மிச்சம் நிற்பது வெறும் "லைக்". ஆகவே "ஷி டஸ் நாட் லைக் காபி", சுருக்கமாக "ஷி டஸன்ட் லைக் காபி".

இந்த "டூ"வை விட்டுவிட்டு "ஐ ஆம் நாட் லைக் காபி" என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு ஆங்கிலக் காதில் விழும் பொருள் "நான் காபியைப் போன்றவன் இல்லை" என்பது. ஆம், இஸ், ஆர் மூன்றையும் வெறும் வினையோடு சேர்க்கவே கூடாது. பின்னால் "இங்" வடிவமோ, பெயர்ச் சொல்லோ, "டயர்ட்", "ஹேப்பி" மாதிரியான சொல்லோ வந்தால் அவை பொருந்தும்.

சில இடங்களில் "டூ" இல்லாமலே "நாட்" வருகிறதே, அது எப்படி?

பழைய வழக்கு. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்புவரை வினைக்குப் பின்னாலேயே "நாட்" வைத்து எழுதுவது ஆங்கிலத்தில் சாதாரணம். 1961 ஜனவரியில் பதவியேற்றபோது அமெரிக்க அதிபர் கென்னடி "ஆஸ்க் நாட்" என்று தொடங்கிப் பேசிய வரி பலருக்கு நினைவிருக்கும். மேடைக்கு ஒரு கம்பீரம் வேண்டும் என்பதற்காகப் பழைய வடிவத்தை எடுத்தாண்டார். நாம் அன்றாடப் பேச்சில் "டோன்ட் ஆஸ்க்" என்றே சொல்ல வேண்டும்.

"ஐ டிடன்ட் வென்ட்" ஏன் தப்பு? நேற்று நடந்ததுதானே, வென்ட் என்றுதானே வர வேண்டும்?

காலத்தை ஒரு வாக்கியத்தில் ஒரு தடவை காட்டினால் போதும். "டிட்" வந்ததுமே அது இறந்தகாலத்தைச் சுமந்துகொண்டது. முக்கிய வினை தன் அகராதி வடிவத்துக்குத் திரும்பிவிடும்: "ஐ டிடன்ட் கோ".

இது நமக்குப் புதிதே இல்லை. "போனேன்" என்பதை மறுக்கும்போது "போனேன் இல்லை" என்றா சொல்கிறோம்? "போகவில்லை" என்கிறோம். "போனேன்" என்ற இறந்தகால வடிவம் கழன்று, காலம் காட்டாத "போக" வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதேதான் நடக்கிறது. "ஐ டிடன்ட் சா", "ஐ டிடன்ட் ஏட்", "ஹி டஸன்ட் ஹேஸ்", "வி டிடன்ட் ஹேட்" எல்லாமே இந்த ஒரே பிழையின் பிள்ளைகள். சரியானவை: டிடன்ட் சீ, டிடன்ட் ஈட், டஸன்ட் ஹேவ், டிடன்ட் ஹேவ்.

பழக ஒரு வழி: வென்ட் என்று உரக்கச் சொன்னதும் டிடன்ட் கோ, சா என்றதும் டிடன்ட் சீ, பாட் என்றதும் டிடன்ட் பை என்று ஜோடி ஜோடியாகச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 20 வினைகள் போதும். விதியை யோசித்துக்கொண்டு பேசினால் வாய் முந்திக்கொண்டு "வென்ட்" என்றுவிடும். ஜோடியாகப் பழகிய வாய் அப்படிச் செய்யாது.

டோன்ட் எதற்கு, டஸன்ட் எதற்கு?

ஹி, ஷி, இட், அல்லது அந்த மூன்றில் ஒன்றால் மாற்றக்கூடிய ஒரே ஆள், ஒரே பொருள் என்றால் டஸன்ட். மற்ற எல்லாவற்றுக்கும் டோன்ட். கவனிக்க வேண்டியது மரியாதை. "அப்பா சாப்பிட மாட்டார்" என்று தமிழில் மரியாதை வினையிலேயே தெரியும். ஆங்கில வினையில் அதற்கு இடமில்லை. "மை ஃபாதர் டஸன்ட் ஈட் மீட்" என்பதில் எந்த அவமரியாதையும் இல்லை. "பீப்பிள்" பன்மை, ஆகவே டோன்ட். "எவ்ரிபடி" பலரைக் குறித்தாலும் ஒருமை, ஆகவே டஸன்ட்.

"வரவில்லை" என்பதற்கு டிடன்ட் கம்-ஆ, ஹேஸன்ட் கம்-ஆ, இஸன்ட் கமிங்-ஆ?

மூன்றுமே ஆகலாம். இந்த ஒரு கேள்விக்கு விடை பிடிபட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். நம் "வில்லை" காலத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, கூட வரும் சொல்லையும் சூழலையும் வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் துணை வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே காலத்தையும் முடிவு செய்தாக வேண்டும்.

வாக்கியத்துக்குள் நேற்று, இன்னும், நாளைக்கு ஆகிய மூன்றில் எது ஒட்டும் என்று மனசுக்குள் போட்டுப் பாருங்கள். "கூரியர் நேற்று வரவில்லை": முடிந்துபோன நேரம், ஆகவே "த கூரியர் டிடன்ட் கம் எஸ்டர்டே". "கூரியர் இன்னும் வரவில்லை": எதிர்பார்ப்பு இப்போதும் திறந்திருக்கிறது, ஆகவே "த கூரியர் ஹேஸன்ட் கம் யெட்". "நான் நாளைக்கு வரவில்லை": இது எடுத்த முடிவு, ஆகவே "ஐ ஆம் நாட் கமிங் டுமாரோ". மூன்றிலும் தமிழில் ஒரே "வரவில்லை".

"இன்னும்" என்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு, இரண்டுக்கும் இடம் வேறு. "யெட்" பொதுவாக வாக்கியத்தின் கடைசியில் வரும். "ஸ்டில்" மறுப்புத் துணை வினைக்கு முன்னால் வரும்: "ஐ ஸ்டில் ஹேவன்ட் ரிசீவ்ட் த ரீஃபண்ட்". அலுவலக மின்னஞ்சல்களில் "ஐ ஹேவ் நாட் ஸ்டில் ரிசீவ்ட்" என்று நிறையப் பார்க்கலாம். அது பிழை. "ஸ்டில்" போட்டால் "இவ்வளவு நாள் ஆகியும்" என்ற சலிப்பும் சேர்ந்து ஒலிக்கும், வெறும் தகவலுக்கு "யெட்" போதும். அமெரிக்கர்கள் பேச்சில் "டிடன்ட் கம் யெட்" என்றும் சொல்வார்கள். தேர்வுத்தாளில் "ஹேஸன்ட் கம் யெட்" என்றே எழுதுங்கள்.

"மாட்டேன்" என்றாலே "வோன்ட்" தானே?

பாதிதான் சரி. "நான் கறி சாப்பிட மாட்டேன்" என்பதில் இரண்டு பொருள் இருக்கிறது. அது என் வழக்கம் என்றால் "ஐ டோன்ட் ஈட் மீட்". இப்போது தட்டில் வைத்ததை மறுக்கிறேன் என்றால் "ஐ வோன்ட் ஈட் மீட்". விருந்துக்கு அழைத்தவரிடம் சைவக்காரர் ஒருவர் "ஐ வோன்ட் ஈட் மீட்" என்றால், கோபித்துக்கொண்டு அடம்பிடிப்பதுபோல ஒலிக்கும். "வராது" என்பதும் இப்படித்தான். "இந்த வழியாக பஸ் வராது" என்பதற்கு டஸன்ட் கம். "இனிமேல் பஸ் வராது" என்பதற்கு வோன்ட் கம்.

"மாட்டேங்குது" என்ற பேச்சுச் சொல்லுக்கு "வோன்ட்" அச்சாகப் பொருந்தும். "வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்பது "த பைக் வோன்ட் ஸ்டார்ட்". வண்டிக்கு மனசு இருப்பதுபோல இரண்டு மொழியும் பேசுவதைக் கவனியுங்கள். காலையில் நடந்த கதையாகச் சொன்னால் "த பைக் வுடன்ட் ஸ்டார்ட்".

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. "வான்ட்" என்றால் வேண்டும், "வோன்ட்" என்றால் மாட்டேன். இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் "ஐ வான்ட் பே" மாதிரி காதில் விழுந்து, பணம் கட்டுவீர்களா மாட்டீர்களா என்று எதிரிலிருப்பவர் குழம்புவார். "வோன்ட்"டில் உதட்டைக் குவித்து ஓகாரத்தை நன்றாக நீட்டுங்கள். "வில்"லிலிருந்து எப்படி ஓகாரம் வந்தது என்றும் கேட்பார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் "வில்"லுக்கு "வோல்" என்றொரு வடிவம் இருந்தது. மறுப்பில் மட்டும் அந்த ஒலி தங்கிவிட்டது.

கூடாது, வேண்டாம், தேவையில்லை எல்லாவற்றுக்கும் "மஸ்ட் நாட்" போடலாமா?

கூடவே கூடாது. மருந்துக் கடையில் நடப்பதாக எண்ணிப் பாருங்கள். "யூ மஸ்ட் நாட் டேக் திஸ் டாப்லெட்" என்றால் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது, எடுத்தால் ஆபத்து. "யூ டோன்ட் ஹேவ் டு டேக் திஸ் டாப்லெட்" என்றால் எடுக்க வேண்டிய அவசியமில்லை, எடுத்தாலும் குற்றமில்லை. நேர் வாக்கியத்தில் "மஸ்ட்"டும் "ஹேவ் டு"வும் பக்கத்துப் பக்கத்துப் பொருள். மறுத்தவுடன் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போய்விடுகின்றன.

"ஷுட் நாட்" அறிவுரை அளவில் நிற்கும் கூடாது. "போக வேண்டாம்" என்று ஒருவரிடம் நேரே சொன்னால் "டோன்ட் கோ". காபி வேண்டாம் என்பதற்கு "ஐ டோன்ட் வான்ட் காபி" இலக்கணப்படி சரி, ஆனால் முகத்தில் அடித்தாற்போல இருக்கும். "நோ, தேங்க்ஸ்" போதும்.

"நீட்" இரண்டு வழியில் மறுக்கப்படும், இரண்டையும் கலக்கக்கூடாது. "ஹி நீட் நாட் கம்" என்பதில் "ஸ்" கிடையாது, "டு" கிடையாது. "ஹி டஸன்ட் நீட் டு கம்" என்பதில் "டு" கட்டாயம்.

"ஐ கான்ட் ஏபிள் டு கம்" என்று எழுதினேன், திருத்திவிட்டார்கள். என்ன தப்பு?

"கேன்" என்றாலே முடியும். "ஏபிள்" என்றாலும் முடியும். ஒன்றை எடுங்கள்: "ஐ கான்ட் கம்" அல்லது "ஐ ஆம் நாட் ஏபிள் டு கம்". "குட் நாட் ஏபிள் டு" என்பதற்கும் இதே திருத்தம்: "ஐ குடன்ட் கம்" அல்லது "ஐ வாஸன்ட் ஏபிள் டு கம்".

"பால் இல்லை" என்பதை "மில்க் இஸ் நாட் தேர்" என்று சொல்கிறோம். சரிதானே?

நம்மூரில் புரியும், வெளியே இடறும். ஒரு பொருள் இருக்கிறது, இல்லை என்று தெரிவிக்கும்போது ஆங்கிலம் "தேர்" என்று தொடங்கும்: "தேர் இஸ் நோ மில்க்" அல்லது "தேர் இஸன்ட் எனி மில்க்". "த மில்க் இஸ் நாட் தேர்" என்றால், நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அந்தப் பால் அந்த இடத்தில் இல்லை என்று பொருள்.

நம் "இல்லை" ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரியும். என்னிடம் இல்லை என்றால் ஹேவ்: "ஐ டோன்ட் ஹேவ் சேஞ்ச்". அவர் வீட்டில் இல்லை, அவர் டாக்டர் இல்லை என்றால் இஸ்: "ஹி இஸ் நாட் அட் ஹோம்", "ஹி இஸ் நாட் எ டாக்டர்". பொருளே இல்லை என்றால் தேர். "இல்லை" என்று வாயில் வரும்போது யாரிடம் இல்லை, எங்கே இல்லை, என்னவாக இல்லை என்று ஒரு கணம் பிரித்துப் பார்த்தால் சரியான வடிவம் தானாக வரும்.

எங்கே "நோ", எங்கே "நாட்"?

பெயர்ச் சொல்லுக்கு முன்னால் நோ, வினையோடு நாட். "நோ மணி", "நோ டைம்", "நோ சீட்ஸ்". பெயருக்கு முன்னால் எ, எனி, மச், மெனி போன்ற சொல் ஏதாவது நின்றால் நோ வராது, நாட் வரும்: "நாட் எ சீட்", "நாட் மச் டைம்". "ஹி இஸ் நாட் எ டாக்டர்" என்பது தகவல். "ஹி இஸ் நோ டாக்டர்" என்றால் "இவரெல்லாம் ஒரு டாக்டரா" என்கிற தொனி வந்துவிடும்.

யாரும் வரவில்லை என்றுதானே சொல்கிறோம், "நோபடி டிடன்ட் கம்" ஏன் தவறு?

"யாரும்" என்ற சொல்லில் மறுப்பு இல்லை. மறுப்பு முழுவதும் "வரவில்லை"யில் இருக்கிறது. "நோபடி" அப்படி இல்லை, "யாரும்" என்பதையும் "இல்லை" என்பதையும் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் வினையை நேராகவே விட வேண்டும்: "நோபடி கேம்". "நோபடி டிடன்ட் கம்" என்றால் வராதவர் ஒருவருமில்லை, அதாவது எல்லோரும் வந்தார்கள்.

நம் "யாரும்" என்பதற்குச் சரியான இணை "எனிபடி", "எதுவும்" என்பதற்கு "எனிதிங்". "ஐ டிடன்ட் சீ எனிபடி", "ஐ டிடன்ட் ஈட் எனிதிங்" என்று தமிழ் வரிசையிலேயே மறுப்பை வினையில் வைக்கலாம். ஒரே கட்டுப்பாடு, எனிபடி எழுவாயாக முன்னால் வந்து பின்னால் மறுப்பு வரக்கூடாது. "எனிபடி டிடன்ட் கம்" செல்லாது. முன்னால் வர வேண்டுமென்றால் நோபடிதான். "நெவர்" என்பதும் மறுப்பைத் தன்னுள் வைத்திருக்கும் சொல். அதற்கு டூ தேவையில்லை, "ஸ்" இருந்த இடத்திலேயே இருக்கும்: "ஷி நெவர் ஈட்ஸ் மீட்".

ஆங்கிலப் படங்களில் "ஐ டிடன்ட் டூ நத்திங்" என்று பேசுகிறார்களே?

பேசுகிறார்கள், பொருளும் "நான் ஒன்றும் செய்யவில்லை" என்பதுதான். ஆங்கிலத்தின் பல வட்டார வழக்குகளில் இரட்டை மறுப்பு இயல்பான இலக்கணம். இடைக்கால ஆங்கிலத்தில் அது எல்லோரும் எழுதிய முறை. 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்கள்தான் "இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடு" என்பதை விதியாக நிலைநிறுத்தின. ஆகவே அப்படிப் பேசுகிறவர்களை அறியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் தேர்விலும் நேர்காணலிலும் அலுவலகத்திலும் எதிர்பார்க்கப்படுவது பொது ஆங்கிலம், அங்கே ஒரு மறுப்புதான்.

"ஹேவன்ட் யூ பெய்ட்?" என்று கேட்டால் "யெஸ்"ஸா "நோ"வா?

நீங்கள் இன்னும் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். தமிழில் "கட்டவில்லையா?" என்றால் "ஆமாம், கட்டவில்லை" என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்கிறது நம் "ஆமாம்". ஆங்கில யெஸ், நோ இரண்டும் கேள்வியைத் திரும்பிப் பார்ப்பதில்லை, உங்கள் பதில் வாக்கியத்தோடு மட்டுமே சேரும். பதிலில் "நாட்" இருந்தால் நோ, இல்லாவிட்டால் யெஸ். ஆகவே "நோ, ஐ ஹேவன்ட்". வங்கியிலிருந்து தொலைபேசியில் கேட்கும்போது தமிழ்ப் பழக்கத்தில் "யெஸ்" என்று மட்டும் சொன்னால், கட்டியாகிவிட்டது என்று குறித்துக்கொள்வார்கள். ஜப்பானியர்களும் கொரியர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பாதுகாப்பான வழி, தனி யெஸ்ஸோ நோவோ சொல்லாமல் குறுவாக்கியம் ஒன்றையும் சேர்த்துவிடுவது: "நோ, நாட் யெட்", "யெஸ், ஐ ஹேவ்". "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்பதும் இந்தக் குடும்பம். "உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபமா?" என்று கேட்கிறார். உட்காரட்டும் என்றால் "நோ, நாட் அட் ஆல்".

"ஒய் யூ டிடன்ட் கம்?" என்று கேட்பது சரியா?

கேள்வியில் துணை வினை எழுவாயைத் தாண்டி முன்னால் வர வேண்டும்: "ஒய் டிடன்ட் யூ கம்?". சுருக்காமல் சொன்னால் நாட் மட்டும் பின்தங்கிவிடும்: "ஒய் டிட் யூ நாட் கம்?". "ஒய் டிட் நாட் யூ கம்?" என்று இன்று யாரும் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் "இஸன்ட் இட்?" போட்டால் "இல்லையா?" ஆகிவிடாதா?

இந்தியாவுக்குள் ஓடும். பொது ஆங்கிலத்தில் வால் கேள்வி முன்னால் வந்த துணை வினையைத்தான் எடுக்கும். வாக்கியம் நேராக இருந்தால் வால் எதிர்மறை, வாக்கியம் எதிர்மறை என்றால் வால் நேர். "யூ லைக் இட், டோன்ட் யூ?", "யூ டோன்ட் லைக் இட், டூ யூ?". துணை மறைந்திருந்தால், காபி வாக்கியத்தில் செய்ததுபோல வெளியே இழுக்க வேண்டும். "ஐ ஆம் லேட்" என்பதற்கு மட்டும் வால் விசித்திரமானது: "ஆரன்ட் ஐ?". "நோபடி கேம்" எதிர்மறை வாக்கியமாகவே கருதப்படும், ஆகவே "டிட் தே?".

"எனக்கும் தெரியாது" என்பது "ஐ ஆல்ஸோ டோன்ட் நோ" தானே?

நேர் வாக்கியத்தில் "உம்"முக்கு ஆல்ஸோ, அல்லது "கூட" என்று பொருள்படும் டூ (துணை வினை டூ அல்ல). எதிர்மறையில் அந்த இடத்தை "ஐதர்" எடுத்துக்கொள்ளும், அதுவும் கடைசியில்: "ஐ டோன்ட் நோ ஐதர்". இன்னும் சுருக்கமாக "நைதர் டூ ஐ". இதில் நைதர் மறுப்புச் சொல் என்பதால் டோன்ட் வராது. நண்பர்களிடம் "மீ நைதர்" போதும்.

"அவர் வர மாட்டார் என்று நினைக்கிறேன்" என்பதை "ஐ திங்க் ஹி வோன்ட் கம்" என்றால் பிழையா?

பிழை இல்லை. ஆனால் இயல்பான ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் நகர்ந்து "திங்க்"கில் ஏறிக்கொள்ளும்: "ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்". பிலீவ், எக்ஸ்பெக்ட், சப்போஸ் ஆகியவற்றுக்கும் இப்படியே. "ஹோப்" மட்டும் இதற்கு ஒத்துவராது. "ஐ ஹோப் இட் டஸன்ட் ரெய்ன்" என்றுதான் சொல்ல வேண்டும். "ஐ டோன்ட் ஹோப்" கிடையாது.

"ஹி டோல்ட் மீ டோன்ட் கோ" என்று சொல்லலாமா?

அவர் சொன்ன கட்டளையை நம் வாக்கியத்துக்குள் கொண்டுவரும்போது டோன்ட் உதிர்ந்து "நாட் டு" வரும்: "ஹி டோல்ட் மீ நாட் டு கோ". "இங்" வடிவத்துக்கும் நாட் முன்னால்தான்: "சாரி ஃபார் நாட் காலிங்". கூப்பிட்டுச் செய்யும் யோசனையில் "லெட்ஸ் நாட் கோ".

"அன்லெஸ் யூ டோன்ட் கம்" என்று எழுதினால் ஏன் கோடு போடுகிறார்கள்?

அன்லெஸ் என்பதே "வந்தால் ஒழிய" என்பதில் வரும் "ஒழிய" மாதிரி, மறுப்பு அதற்குள் அடங்கிவிட்டது. "நீ வராவிட்டால் நான் போக மாட்டேன்" என்பது "ஐ வோன்ட் கோ அன்லெஸ் யூ கம்". நோபடியில் பார்த்த அதே கணக்கு. "அன்டில்" என்பதிலும் கவனம்: "நீ வருகிறவரை" என்றுதான் ஆங்கிலம் சொல்லும், "நீ வராதவரை" என்று சொல்லாது. ஆகவே "அன்டில் யூ கம்". "ஹார்ட்லி", "ஸ்கேர்ஸ்லி", "ரேர்லி", "செல்டம்" ஆகியவையும் பாதி மறுப்புச் சொற்கள். "ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ" என்பதில் கான்ட் வராது.

போனில் "கேன்"-ஆ "கான்ட்"-ஆ என்று பிரித்துக் கேட்கவே முடியவில்லை.

கடைசி "ட்" ஒலியைத் தேடாதீர்கள், பேச்சு வேகத்தில் அது அநேகமாக விழுங்கப்படும். அழுத்தத்தைக் கவனியுங்கள். "ஐ கேன் கம்" என்று சொல்லும்போது கேன் தேய்ந்து "கன்" என்று ஓடிவிடும், அழுத்தம் "கம்" மேல் விழும். மறுப்பில் அந்தச் சொல்லே நீண்டு, அழுத்தமாக ஒலிக்கும். பிரிட்டிஷ் உச்சரிப்பில் கான்ட், அமெரிக்க உச்சரிப்பில் கேன்ட். நீங்கள் பேசும் பக்கம் முக்கியமான தகவல் என்றால் "கேனாட்" என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். எழுதும்போது அது ஒரே சொல், நடுவில் இடைவெளி இல்லை. சுருக்க வடிவங்களில் ஒற்றை மேற்கோள் போன்ற குறி (அப்பாஸ்ட்ரஃபி) "நாட்"டின் "ஓ" எழுத்து போன இடத்தில் வரும், அதாவது "என்" எழுத்துக்கும் "டி" எழுத்துக்கும் நடுவில். "டூ"வுக்கும் "என்"னுக்கும் நடுவில் போடுவதுதான் அதிகம் காணப்படும் பிழை.

பொருள் மாறாமல் எதிர்மறையாக மாற்று என்று தேர்வில் வருகிறதே, நாட் போட்டால் பொருள் மாறிவிடாதா?

மாறிவிடும், அதனால்தான் அது தனிக் கேள்வி. நாட் போட்ட கையோடு எதிர்ச்சொல்லையும் போட வேண்டும். "ஹி இஸ் ஆல்வேஸ் பங்க்சுவல்" என்பது "ஹி இஸ் நெவர் லேட்". "ஒன்லி ஹி கேன் டூ இட்" என்பது "நன் பட் ஹி கேன் டூ இட்". "டூ ஹாட் டு டிரிங்க்" என்பது "ஸோ ஹாட் தட் ஐ கேனாட் டிரிங்க் இட்".

"ஆஸ் ஸூன் ஆஸ்" மாற்றத்தில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது. "ஆஸ் ஸூன் ஆஸ் ஹி சா த போலீஸ், ஹி ரேன் அவே" என்பது "நோ ஸூனர் டிட் ஹி சீ த போலீஸ் தேன் ஹி ரேன் அவே" ஆகும். இதில் மூன்று இடங்களைச் சரிபாருங்கள். மறுப்புச் சொல் முன்னால் வந்ததால் கேள்வியைப் போல டிட் எழுவாயைத் தாண்டி வந்திருக்கிறது. டிட் வந்ததால் "சா" மறுபடி "சீ" ஆகிவிட்டது. நடுவில் வருவது "தேன்", "வென்" அல்ல. "நெவர்" வாக்கியத்தின் தலையில் வந்தாலும் இதே புரட்டல்: "நெவர் ஹேவ் ஐ சீன் இட்".

"ஆல் ஸ்டூடன்ட்ஸ் டிட் நாட் பாஸ்" என்றால் எத்தனை பேர் தேறினார்கள்?

அந்த வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒருவர்கூடத் தேறவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் தேறவில்லை என்றும் கொள்ளலாம். "எல்லோரும் தேறவில்லை" என்ற தமிழிலும் இதே இரட்டைப் பொருள் உண்டு, அதனால்தான் மொழிபெயர்க்கும்போது கண்ணில் படுவதில்லை. ஒருவரும் இல்லை என்றால் "நன் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ் பாஸ்ட்". சிலர் மட்டும் என்றால் "நாட் ஆல் த ஸ்டூடன்ட்ஸ் பாஸ்ட்". அறிக்கை எழுதுகிறவர்கள் "ஆல்" என்று தொடங்கி "நாட்" என்று முடிப்பதை அறவே விட்டுவிடுவது நல்லது.

"ஹி டிடன்ட் ரிசைன் பிகாஸ் ஆஃப் த சாலரி" என்று வந்தால், அவர் வேலையை விட்டாரா இல்லையா?

இரண்டும் சாத்தியம். நாட் எதுவரை பாய்கிறது என்பதைப் பொறுத்தது. அது "ரிசைன்" மேல் மட்டும் நின்றால், சம்பளம் நன்றாக இருந்ததால் அவர் வேலையில் தொடர்ந்தார். "பிகாஸ்" வரை பாய்ந்தால், அவர் வேலையை விட்டுவிட்டார், காரணம் சம்பளம் இல்லை, வேறு ஏதோ. பேச்சில் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அது கிடையாது.

முதல் பொருளுக்குக் காரணத்தை முன்னால் கொண்டுபோங்கள்: "பிகாஸ் ஆஃப் த சாலரி, ஹி டிடன்ட் ரிசைன்". இரண்டாவதற்கு நடந்ததை நேராகச் சொல்லி, மறுப்பைக் காரணத்தின் மேல் மட்டும் வையுங்கள்: "ஹி ரிசைன்ட், பட் நாட் பிகாஸ் ஆஃப் த சாலரி". தமிழில் "சம்பளத்துக்காக அவர் வேலையை விடவில்லை" என்றாலும் இதே குழப்பம்தான். நமக்கு அங்கே "அல்ல" என்ற சொல் கைகொடுக்கிறது: "அவர் வேலையை விட்டது சம்பளத்துக்காக அல்ல". ஆங்கிலத்தில் அந்த வேலையை நாட் நிற்கும் இடம்தான் செய்தாக வேண்டும்.